லியோனிக்கு ஊதாத் துணி போர்த்திய விவகாரம்

கேரிட்டி ஓட்டல், மேல்மாடி,
மெல்பர்ன்.
புனித பேட்ரிக் திருநாள், சனிக்கிழமை இரவு.

'ஈவ்னிங் லாந்தர்' பத்திரிகையின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத பெரியவருக்குக் கடிதம் எழுதினால் முதலில் அவருடைய உடல்நலத்தையும் அவர் வீட்டாரின் நலத்தையும் விசாரிக்க வேண்டும் என்று சிஸ்டர் கொலம்பா எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். வியாழக்கிழமைப் பத்திரிகை நன்றாக விற்றதாம். நான் நலமாக இல்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்.

இரண்டாவது பத்தியில் விஷயத்துக்கு வர வேண்டும். வருகிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் என் அப்பாவோடு, கன்னியர் மடம் நடத்தும் எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைவியான மதர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். எல்லாப் புத்தகங்களையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகங்களோடு வா என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் அப்படிப் போன பெண் இப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டிக்குக் காகிதம் ஒட்டுகிறாள். எனக்கு வயது பதினான்கு. அல்ஜீப்ராவில் வகுப்பிலேயே முதல் ஆள். பள்ளி இறுதி வரை படித்து, மருந்து கலக்கும் படிப்புக்குப் போக வேண்டும் என்று இருக்கிறேன். உங்கள் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு புகைப்படத்தால் நான் படிப்பை இழந்துவிட்டு எங்கள் லவுஞ்சில் எச்சில் தட்டு எடுக்கப் போகிறேன். இதைப் போர்வைக்குள் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் அணைத்துவிட வேண்டியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். இதைத் தவிர வேறு எதற்கும் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் பெயரை அச்சிட வேண்டாம். 'ஒரு மாணவி' என்று போட்டால் போதும், யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

கீழே அப்பா நடத்தும் பாரின் சுவரில் இருக்கும் படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர் லியோனி. பிரான்சு தேசத்தில் யாரோ வரைந்தது, ஆறடிக்கு மேல் உயரம். ஓடைக்கரையில் நிற்கிறாள். உடுப்பு இல்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். சண்டைக்குப் போன சிப்பாய்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்களாம். எகிப்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது, நியூ கினியிலிருந்து வந்திருக்கிறது, அப்பா அவற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எனக்கு என் சொந்த மாமா பிறந்தநாளைக்கு ஒரு அட்டை போட்டதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள் ஐயா. எங்கள் முன்பக்க பாரில் பெண்களுக்கு இடமில்லை. கணவனைத் தேடி வருகிற பெண்கூட வாசலில் நின்று யாரையாவது அனுப்பித்தான் கூப்பிட வேண்டும். உடுத்தியிருக்கிற பெண்கள் எல்லாம் பக்கவாட்டுக் கதவு வழியாக லவுஞ்சுக்குப் போக வேண்டும், உடுத்தாத ஒருத்தி மட்டும் நடுச்சுவரில் நிற்கலாம். இதை யாரும் உங்கள் பத்திரிகையில் எழுதுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார் பூட்டியிருக்கும்போது அவளுடைய சட்டத்தைத் தூசி துடைப்பது என் வேலை. கண்ணை மூடிக்கொண்டுதான் துடைப்பேன். அப்படியும் ஒவ்வொரு வாரமும் பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச்சாமியார் ஃபாதர் டூஹியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மறுபடியும் பாத்தியா?"

"ஒரு கண்ணைத் தொறந்துட்டேன் ஃபாதர். ஏணியிலேர்ந்து விழப் பாத்தேன்."

"போன வாரம் எந்தக் கண்ணு?"

"இதே கண்ணுதான் ஃபாதர்."

அந்த ஃபாதர் டூஹிதான் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தார். போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "கான், சனிக்கிழமை புனித பேட்ரிக் ஊர்வலம் உன் கடை வாசல் வழியாத்தான் போவுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் வெள்ளை உடுப்புல வரும். உன் கதவு எப்பவும் ஆன்னு தொறந்து கெடக்குது. அவளை எதையாவது போட்டு மூடு."

"எதைப் போட்டு மூடறது ஃபாதர்? அவ உயரத்துக்கு எங்க வீட்ல மேசைவிரிப்பு கெடையாதே" என்றார் அப்பா. மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது என்னைக் கூப்பிட்டார். "ஃபில்லி, உங்க மடத்துல இந்தச் சமயத்துல படம், சுரூபமெல்லாம் மூடறதுக்குப் பெரிய பெரிய துணியா வச்சிருப்பாங்கல்ல? ஒண்ணு வாங்கிட்டு வாம்மா."

"எதுக்குன்னு சொல்றதுப்பா?"

"படத்தை மூடன்னு சொல்லு. பொய்யா?"

ஈஸ்டருக்கு முந்திய இரண்டு வாரமும் கோவிலில் சுரூபம் என்கிற சிலைகளையும் படங்களையும் ஊதாத் துணியால் மூடி வைப்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, உங்களுடையது பிராட்டஸ்டண்ட் பத்திரிகை என்று அப்பா சொல்வார். நான் போய் சிஸ்டர் கொலம்பாவிடம் நின்றேன். எங்கள் வீட்டுப் படத்தை மூட அப்பா துணி கேட்டார் என்றேன். படம் என்றுதான் சொன்னேன். அது படம்தானே?

"எவ்வளவு பெருசும்மா?" என்றார் சிஸ்டர்.

"ஆறடிக்கு மேல இருக்கும் சிஸ்டர்."

சிஸ்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "ஆறடியில இயேசுவோட திருஇருதயப் படமா? உங்க வீட்லயா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு நிற்கிற சிஸ்டரிடம் 'இல்லை, இது வேறு படம்' என்று உங்களால் சொல்ல முடியுமா? சொல்லிப் பாருங்கள். அவர் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது சாதாரணத் துணி இல்லை. கன்னியராகச் சேர்ந்த புதிதில் அவரே தைத்தது, மூலையில் வெள்ளை நூலில் லீலி மலர் போட்டிருக்கும். அதோடு விட்டாரா? மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் பள்ளிக்கூடம் முழுவதற்கும் முன்னால் என்னை நிறுத்தி, "மதுக்கடை நடத்துற குடும்பம்னு யாரையும் குறைவா நினைக்கக் கூடாது. இந்தப் பொண்ணு வீட்ல ஆளுயரத்துல திருஇருதயப் படம் இருக்கு" என்று சொன்னார். ஊர்வலத்தில் மாதாவின் கொடியிலிருந்து தொங்கும் நாடாவைப் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணாக என்னைத் தேர்ந்தெடுத்தார். நான் அன்று மதியம் சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டேன்.

இனி பாரில் நடந்தது. மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்தால் கதவுக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும், காதிலும் விழும். ஆறு மணிக்குக் கடையை மூட வேண்டும் என்பது சட்டம் என்பதால் ஐந்து மணிக்கு வேலை விட்டதும் ஊரில் இருக்கிற அத்தனை ஆண்களும் ஓடி வந்து ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் தாகத்தைத் தீர்த்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் அல்ஜீப்ரா போடுகிறேன். திங்கட்கிழமை அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஸ்னோயி மல்குவீன் வந்தார். டிராம் கண்டக்டர், எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர், ஏற்கனவே வேறு எங்கேயோ ஆரம்பித்துவிட்டு வந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் ஆறடிக்கு ஊதாத் துணி. பழக்கம்தான், வேறென்ன? தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார், வலது முழங்காலைத் தரையில் ஊன்றினார். ஊன்றினவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பின்னால் வந்த நாலைந்து பேர் என்னமோ ஏதோ என்று தாங்களும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள்.

"யோவ் ஸ்னோயி, எந்திரிய்யா! அது நம்ம லியோனிய்யா!"

"லியோனியா?" என்றார் ஸ்னோயி. "எப்பய்யா செத்தா? காலையிலகூட நல்லாத்தானே இருந்தா?"

அன்று அந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை அதை அவர்கள் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். துணிக்கு முன்னால் வருகிறவன் தொப்பியைக் கழற்ற வேண்டும், கெட்ட வார்த்தை பேசுகிறவன் பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் அடுத்த சுற்று வாங்க வேண்டும். கெட்ட வார்த்தை இல்லாமல் அவர்களுக்குக் கால்பந்து பற்றியோ குதிரை பற்றியோ பேச வராது என்பதால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மௌனமாகக் குடித்தார்கள். அப்படி ஒரு அமைதியை நான் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை, பயமாக இருந்தது. பதினைந்து வருஷமாக அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தவர்கள் எல்லாம் திரும்பி நின்று துணியையே பார்த்தார்கள். மற்றக் கடைகளிலிருந்து ஆள் வந்தது. பிராட்டஸ்டண்டுகள் வந்து, எந்தக் காலை மடக்குவது என்று ஸ்னோயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நான் அப்பாவிடம் போய், "அப்பா, அது கோவில் துணிப்பா, கழட்டிடுங்கப்பா" என்று அழுதேன். "சனிக்கிழமை வரைக்கும் மூடச் சொன்னது யாரு? சாமியார். நான் சாமியார் சொல்லைத் தட்ட மாட்டேன்" என்றார் அப்பா. இதற்கு முன் அவர் சாமியார் சொல்லைத் தட்டாமல் இருந்தது எனக்கு நினைவில் இல்லை.

புதன்கிழமை உங்கள் நிருபர் வந்தார். அவரை யார் கூப்பிட்டது? வியாழக்கிழமை வந்த புகைப்படத்தில் முன்வரிசை முழுவதும் தொப்பியில்லாத தலைகள், நடுவில் ஒரு கையில் கிளாஸோடு முழந்தாள்படியிட்டிருக்கும் ஸ்னோயி, பின்னால் துணி, துணியின் மூலையில் பளிச்சென்று லீலி மலர். கீழே நீங்கள் போட்டது: 'தவக்காலத்தில் கேரிட்டி பார்: பெருகும் பக்தர் கூட்டம்.' இதை எழுதும்போது உங்கள் அலுவலகத்தில் சிரித்திருப்பீர்கள். இந்தத் துணிக்குச் சொந்தக்காரர் யாராவது இருப்பாரே என்று ஒருவருக்காவது தோன்றியதா? வழியில் கிடந்த துணி என்று நினைத்தீர்களா?

கன்னியர் மடத்தில் பத்திரிகை வாங்க மாட்டார்கள் என்று அந்த இரவு நான் கொஞ்சம் தைரியமாகத் தூங்கினேன். எனக்கு மீன் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை, அதிலும் தவக்காலம், இறைச்சி கூடாது, மடம் முழுவதற்கும் மீன் வரும். மீன்காரர் முந்திய நாள் பத்திரிகையில்தான் சுற்றிக் கொடுப்பார். அவருக்கு எத்தனை பத்திரிகை இல்லை? உங்களுடையதுதான் தாள் கெட்டியாக இருக்கிறதாம். சமையலறையில் அன்று மீனைப் பிரித்தவர் சிஸ்டர் கொலம்பா.

தாழ்வாரத்தில் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டினார். மீன் வாடை அடித்தது.

"இது என்ன?"

"பத்திரிகை சிஸ்டர்."

"இது யாரு?"

"ஸ்னோயி மல்குவீன் சிஸ்டர். டிராம்ல டிக்கெட் குடுப்பார்."

"இது?"

"துணி சிஸ்டர்."

"துணிக்குப் பின்னால?"

சிஸ்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாடாவை வேற பொண்ணு பிடிப்பா. திங்கட்கிழமை காலையில உங்கப்பாவோட மதர் அறைக்கு வா. புத்தகமெல்லாம் எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "வேணாம்னா விட்டுட்டுப் போறாங்க. பதினாலு ஆயிடுச்சுல்ல? லவுஞ்சுல தட்டெடுக்க ஆளில்லாம உங்கம்மா ஒண்டியா ஓடிக்கிட்டிருக்கா" என்றார். அம்மா தட்டுகளைக் கொஞ்சம் ஓசையாக அடுக்கினார். "மருந்துக்கடை வைக்கப் போறாளாம் மருந்துக்கடை. நாங்க மட்டும் என்ன விக்கிறோம்? இதுவும் மருந்துதான்" என்று அப்பா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மிளகுச் சிமிழைக் கீழே போட்டு உடைத்தேன். கை தவறி விழுந்தது என்று சொன்னேன். அது பொய், அதையும் இப்போது பாவக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் நீங்களே காரணம்.

இன்று மதியம் ஊர்வலம் போனதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எல்லோரும் வெள்ளையில். நாடாவைப் பிடித்திருந்த பெண் அதைத் தளர விட்டுவிட்டாள், நான் என்றால் விறைப்பாகப் பிடித்திருப்பேன். எங்கள் வகுப்பு வாசலுக்கு நேராக வந்தபோது பாரிலிருந்த கூட்டம் முழுவதும் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வரிசையாக நின்றது. அதுவரைக்கும் சரி. அப்போது ஸ்னோயிக்கு மரியாதை பொங்கிவிட்டது. "சிஸ்டர்! உங்க துணி பிரமாதம் சிஸ்டர்! ஒரு சொட்டு பீர் படாம பாத்துக்கறோம்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சிஸ்டர் கொலம்பா நேராகப் பார்த்தபடி நடந்தார். கழுத்து மட்டும் சிவந்துபோனது. எங்கள் வகுப்புப் பெண்கள் மொத்தமும் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே ஐயா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். துணி திருடப்பட்டதல்ல, படம் என்று சொன்னது உண்மை, கூடியவர்கள் பக்தர்கள் அல்ல, குடிகாரர்கள், கடைக்காரரின் மகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் திருத்தம் போட வேண்டும். அந்தப் படம் நாசமாய்ப் போன படம், அதை வாங்கிக்கொண்டு போக யாராவது வந்தால் நானே தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவேன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். உங்களுடையது மாலைப் பத்திரிகை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. என்னை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் காலையில் அச்சிட்டு, மீன்காரரை நம்பாமல் மடத்துக்கு நேராக ஒரு பிரதி அனுப்பவும். இந்தக் கடிதத்தை நாளை உங்கள் அலுவலகக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

உங்களுக்கும், உங்கள் வீட்டாருக்கும், எனக்குப் பிடிக்காவிட்டாலும் உங்கள் நிருபருக்கும், புனித பேட்ரிக் நல்ல ஈஸ்டரைப் பெற்றுத் தர வேண்டிக்கொள்கிறேன். அப்படி வேண்டிக்கொண்டுதான் முடிக்க வேண்டுமாம்.

மிகுந்த கோபத்துடனும் உரிய பணிவுடனும்,
ஒரு மாணவி
(ஃபிலோமினா கேரிட்டி)

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை மதியம். ஐயா, மேலே எழுதியதில் ஒரு வரியையும் அச்சிடாதீர்கள்.

காலைப் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கொலம்பா வந்துவிட்டார். துணையாக காது கேட்காத ஒரு வயதான சிஸ்டரையும் அழைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவுக்குப் போகாமல், முன்பக்கக் கதவைத் தட்டினார். அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து திறந்தார். "என் துணியை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன் மிஸ்டர் கேரிட்டி" என்று சொல்லிவிட்டு நேராக பாருக்குள் நடந்து, அவரே எட்டிப் பிடித்து இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வயதான சிஸ்டரின் ஜெபமாலை மட்டும் கிடுகிடுவென்று ஓடியது.

"ஃபிலோமினா, கண்ணைத் தொற. இங்க வா. இவளோட இடது கையை எண்ணு."

"ஒண்ணு சிஸ்டர்."

"விரலை எண்ணுடி."

நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கட்டைவிரலோடு ஆறு. அப்பா தன் கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார், ஆறுதான். எங்களுக்கு ஓவியமும் சிஸ்டர் கொலம்பாதான் எடுக்கிறார், கை வரையத் தெரியாதவளைப் பூ வரையக்கூட விட மாட்டார்.

"இத்தனை வருஷமா இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாரும் இவ முன்னாடி நின்னு பாத்திருக்கீங்க" என்றார் சிஸ்டர். "ஒருத்தர் கண்ணுலயும் இது படலையா மிஸ்டர் கேரிட்டி?"

அப்பா தலையைச் சொறிந்தார். "கைப்பக்கம் யாரும் வர்றதில்ல சிஸ்டர்."

கதவோரம் நின்றிருந்த அம்மா வாயை ஏப்ரனால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ படம்னுதானே சொன்ன?" ஆமாம் என்றேன். "ஆறடின்னும் சொன்ன. ஆறடியில திருஇருதயம் ஆயர் வீட்லகூட கெடையாது. எனக்கு அப்பவே தோணியிருக்கணும். மதர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ நாளைக்குப் புத்தகத்தோட நேரா வகுப்புக்கு வா. உங்கப்பா வர வேணாம், தட்டெடுக்க ஆளில்லேன்னா அவரே எடுக்கட்டும்." அப்பா ஆமாம் சிஸ்டர் என்றார். நான் அழுததைப் பற்றி எழுத இடமில்லை.

பிறகு துணியை மடித்து எடுத்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, என்னை ஏற்றி, மறுபடியும் மாட்டச் சொன்னார். "இவ்வளவு மோசமா வரைஞ்ச கையை மூடித்தான் வைக்கணும்."

"ஈஸ்டர் முடிஞ்சதும் எடுத்துடலாம்ல சிஸ்டர்?" என்றார் அப்பா.

"எதுக்கு? ஈஸ்டருக்கு அந்த விரல் உதிர்ந்துடுமா?"

கன்னியர் இருவர் மதுக்கடை பாருக்குள் நின்றார்கள் என்பது வெளியே தெரிந்தால் மதர் என்னோடு சிஸ்டர் கொலம்பாவையும் சேர்த்துத் துரத்திவிடுவார். ஆனால் அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா, "ஆறு விரலு! ஆறு விரலு! இதை மட்டும் பத்திரிகைக்காரன் போட்டான்னா ஊரே வரும்!" என்று கையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நாளைக் காலை உங்களுக்குப் போன் செய்வார். அதனால்தான் அவரை முந்திக்கொண்டு இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். அவர் சொல்வதை நம்பாதீர்கள். ஐந்து விரல்தான் என்று அடித்துச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிருபரை அனுப்பிச் சரிபார்க்கவும் வேண்டாம். புதன்கிழமை புகைப்படம் எடுத்த பிறகு அவர் துணிக்குள் தலையை விட்டு ஒரு கிளாஸ் காலியாகிற நேரம் நின்றாராம், ஸ்னோயி சொன்னார். எண்ணத் தெரியாத ஆளை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்.